இரண்டு நோட்டு: வாழ்க்கைக் கதையை எழுத உட்காருவோருக்கு

வாழ்க்கைக் கதையை எழுதப் போகிறேன் என்று உட்காருகிறவர்களில் பலர் பத்துப் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். சோம்பல் காரணமில்லை. மனப்பாரத்தை இறக்கி வைப்பது ஒரு வேலை. அதே துன்பத்தில் கிடக்கும் இன்னொருவருக்குத் தெம்பு கொடுப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே நோட்டில் செய்யப் பார்ப்பதால் இரண்டும் கெடுகின்றன. 'நாலு பேர் படிப்பார்களே' என்ற நினைப்பு வந்ததுமே பேனா மழுப்பத் தொடங்கும்: மாமியார் நல்லவராகிவிடுவார், கடன் பாதியாகிவிடும், அடித்த அடி 'சிறு மனஸ்தாபம்' ஆகிவிடும். மாறாக, யாரையும் நினைக்காமல் கொட்டியதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும், வீட்டில் வம்பும் வரும்.

ஆகவே இரண்டு நோட்டு வாங்குங்கள். முதலாவது உங்களுக்கு, இரண்டாவது பிறருக்கு. நடுவில் ஒரு இடைவெளி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த முறையைப் பற்றித்தான்.

யார் கொஞ்சம் பொறுக்க வேண்டும்

சாவு நடந்து சில வாரம்கூட ஆகாத வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம். அந்த நாட்களில் அழுகையும், வந்துபோகிறவர்களோடு பேசுவதும், நேரத்துக்கு ஒரு வாய் சோறும் செய்கிற வேலையை எழுத்து செய்யாது. அடிக்கிற ஆளோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள், நோட்டு அகப்பட்டால் என்ன ஆகும் என்று முதலில் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு எழுத்தைவிடப் பாதுகாப்பு முந்தி. தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181.

நடந்தது திடீர் திடீரென்று கண்முன் ஓடுகிறது, இரவில் அலறி எழுகிறீர்கள், 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது என்றால் தனியாக எழுத உட்காராதீர்கள். மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். உடனே பேச வேண்டுமென்றால் இந்தியாவில் 14416 (டெலி மானஸ், தமிழிலும் பேசலாம்), இலங்கையில் 1926.

நோட்டும் இடமும்

முதல் நோட்டுக்கு விலை உயர்ந்த டைரி வாங்காதீர்கள். அதில் கிறுக்க மனசு வராது, கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமே என்ற கவலைதான் வரும். 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும், ஆனால் சுருள் கம்பி போட்டதாகப் பாருங்கள். நடுவில் தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்றுகொண்டு வரும், எங்கே கிழித்தோம் என்பதும் தெரிந்துவிடும். கம்பி நோட்டில் வேண்டாத தாளை உருவிவிடலாம். கிழிக்கலாம் என்ற சுதந்திரம் இருந்தால்தான் உள்ளதை எழுத வரும்.

செல்போனில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிப்புச் செயலிகள் பெரும்பாலும் மின்னஞ்சல் கணக்கோடு சேர்ந்தே இயங்கும். அதே கணக்கைப் பிள்ளையின் டேப்லெட்டிலும் போட்டிருந்தால் நீங்கள் எழுதியது அங்கேயும் தெரியும். தனிக் கணக்கு தொடங்குங்கள், அல்லது பேனாவுக்கே வந்துவிடுங்கள்.

தனி அறை எல்லோர் வீட்டிலும் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு காலை பத்தரை மணி, மொட்டை மாடி, கிளை நூலகம், சவாரி இல்லாத நேரத்தில் நிறுத்திய ஆட்டோ, எதுவும் சரிதான். ஒரே நிபந்தனை, எழுதி முடித்ததும் நேராக அடுப்படிக்கோ வேலைக்கோ ஓடாமல் பத்து நிமிடம் சும்மா இருக்க வழி வேண்டும். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் எழுதினால், உள்ளே கிளறியது அன்றைக்கு யார் மேலாவது எரிச்சலாக விழும். பெரும்பாலும் பிள்ளைகள் மேல்.

முதல் நோட்டு: நான்கு நாள்

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவி சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து, 1986இல் அதை வெளியிட்டார்கள். நாளுக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து நான்கு நாள். சிலருக்குச் சாதாரண விஷயம் கொடுத்தார்கள். மற்றவர்கள் வாழ்வில் தம்மை உலுக்கிய சம்பவத்தை எழுதினார்கள். அவர்களிலும் ஒரு பிரிவு நடந்ததை மட்டும், ஒரு பிரிவு உணர்ச்சியை மட்டும், ஒரு பிரிவு இரண்டையும் சேர்த்து. அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போன தடவைகளை எண்ணிப் பார்த்தபோது, குறைவாகப் போனவர்கள் இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள். இந்த நுணுக்கத்தை மறக்காதீர்கள். 'அப்பா இறந்தார், வீட்டை விற்றோம், திருப்பூருக்கு வந்தோம்' என்று மனு எழுதுவதுபோல எழுதினால் பலன் இல்லை. 'ஐயோ, என்ன கொடுமை' என்று புலம்பினாலும் போதாது. என்ன நடந்தது, அந்த நேரத்தில் உள்ளுக்குள் என்ன ஓடியது, இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். 2006இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியது என்றே தெரிந்தது. இது மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்கிற வைத்தியம் இல்லை. செலவில்லாத ஒரு கைவைத்தியம், அவ்வளவுதான்.

செய்யும் முறை இது. அலாரத்தில் 15 நிமிடம் வையுங்கள், 20ஐத் தாண்ட வேண்டாம். பேனாவை நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத்துப்பிழை, சந்தி, ஒற்று எதையும் பார்க்காதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் முந்தின வரியையே திரும்ப எழுதுங்கள், அடுத்தது தானாக வரும். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். 'அவர் என்னைக் கடிந்துகொண்டார்' என்று எழுதும்போது ஆறாத கோபம், 'நாயே வெளியே போடின்னாரு' என்று எழுதும்போது அசையும். வீட்டில் பேசுவது தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ என்றால் அந்த மொழியிலேயே, தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி.

முதல் நாள் நடந்தது அப்படியே வரட்டும். இரண்டாம் நாள் அதற்குள்ளேயே இன்னும் கீழே இறங்குங்கள், யாரிடமும் சொல்லாத பகுதிக்கு. மூன்றாம் நாள் அதே சம்பவத்தில் இருந்த இன்னொருவர் இடத்தில் நின்று எழுதிப் பாருங்கள். அவரை மன்னிக்க வேண்டும் என்பதில்லை, அவர் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்ப்பது மட்டும். நான்காம் நாள், அந்தச் சம்பவம் இன்றைக்கு உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்: எந்தப் பழக்கத்தில், எந்தப் பயத்தில், பிள்ளைகளை வளர்க்கும் எந்த முறையில்.

முதல் இரண்டு நாள் எழுதி முடித்ததும் மனசு கனத்துப்போகும். அழுகை வரும், தூக்கமும் கொஞ்சம் கெடலாம். இது வழக்கம்தான், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அல்லது அடுத்த நாளில் தணியும். தணியாமல் நாளுக்கு நாள் ஏறினால் நிறுத்திவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே 'இதைத் தொட்டால் உடைந்துவிடுவேன்' என்று தோன்றினால் அதைத் தொடாதீர்கள், வேறு விஷயத்துக்குப் போய்விடுங்கள். அது கோழைத்தனம் இல்லை. இந்த முறையை வகுத்த பென்னிபேக்கரே சொன்ன விதி.

இங்கே அதிகம் கெடுவது ஒரு இடத்தில். நான்கு நாளும் அதே நான்கு வரி: 'ஏன் எனக்கு மட்டும், நான் யாருக்கு என்ன துரோகம் செய்தேன்.' செக்கு மாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றுவது. எழுதியவர்களின் தாள்களைச் சொல் சொல்லாக ஆராய்ந்தபோது, தேறியவர்களின் எழுத்தில் நாளாக நாளாகக் காரணம் சொல்லும் சொற்களும் புரிதலைக் காட்டும் சொற்களும் கூடியிருந்தன. தமிழில் சொன்னால் 'அதனால்தான்', 'அப்போது தெரியவில்லை, இப்போது புரிகிறது' போன்றவை. 'நான், எனக்கு, என்' என்பதிலேயே நிற்காமல் 'அவர், அவர்கள், நாங்கள்' என்று பார்வை மாறுவதும் நல்ல அடையாளம். நான்காம் நாள் முடிவில் நோட்டைப் புரட்டி இந்தச் சொற்கள் எங்காவது வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அதே விஷயத்தை மேலும் எழுதுவதில் பயனில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள், அல்லது ஆலோசகரிடம் போங்கள்.

கயிறு, பூ, கல்

வாழ்க்கை முழுவதையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட ஒரு நல்ல வழி உண்டு. ஜெர்மனியில் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் போரிலும் அகதி வாழ்விலும் நொந்தவர்களுக்காக ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அதன் தொடக்கத்தில் செய்வது தரையில் கயிறு போடுவது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் சிறுவர்களுக்கும் இந்த முறையைக் கையாண்டார்கள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள்தான் நடத்தினார்கள்.

மூன்று முழக் கயிறு போதும், கொடிக்கயிறு இருந்தாலும் சரி. ஒரு முனை நீங்கள் பிறந்த நாள். நேராக நீட்டி, மறுமுனையில் கொஞ்சத்தைச் சுருட்டியே விடுங்கள், அது இனி வரப்போகும் காலம். வயது வரிசையில் நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பெரிய துக்கத்துக்குப் பெரிய கல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் தலைப்பு மட்டும், வருடமும் வயதும் இடமும். 'ஒன்பது வயது, தாத்தா வீடு', அவ்வளவுதான். விவரத்துக்குள் போகாதீர்கள். போட்டு முடித்ததும் மேலே நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனால் இரண்டு லாபம். வாழ்க்கை முழுக்கக் கல்தான் என்று நினைத்திருந்தவர், இரண்டு கல்லுக்கு நடுவே கிடக்கும் பூக்களைப் பார்ப்பார். எழுதுகிறவருக்கு வரிசை கிடைக்கும். பெரிய துன்பத்தின் நினைவு பெரும்பாலும் முன்பின்னாகத்தான் கிடக்கும், எது முதலில் நடந்தது என்றே தெரியாமல். கயிற்றில் வைக்கும்போது அது தன் இடத்தில் போய் உட்காரும்.

அந்தச் சிகிச்சையில் கற்களுக்குள் இறங்குவது ஆலோசகரோடு மட்டும்தான். அவர் கேட்டு எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித் திருத்தி, கடைசியில் முழுக் கதையையும் சொன்னவர் கையில் கொடுப்பார். வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் கயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடைவெளி

முதல் நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள். எரித்துவிட வேண்டும் என்று தோன்றினால் எரித்துவிடலாம், தப்பில்லை. எழுதியது உங்களிடம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

இரண்டாவது நோட்டைத் திறக்கலாமா என்பதற்கு ஒரு சோதனை. அந்தச் சம்பவத்தை நம்பிக்கையான ஒருவரிடம், காபி குடிக்கும் நேரத்துக்குள், முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பாருங்கள். குரல் தழுதழுக்கலாம், கண் கலங்கலாம். ஆனால் சொல்லி முடிக்க முடிந்ததா, அன்றிரவு வழக்கம்போலத் தூங்கினீர்களா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இன்னும் சில மாதம் போகட்டும். இன்னொரு சோதனை: 'இதைப் படித்துவிட்டு அவன் கூனிக் குறுக வேண்டும்' என்று ஒருவரை மனதில் வைத்துத்தான் எழுதப் போகிறீர்களா? அப்படியென்றால் அது முதல் நோட்டைச் சேர்ந்தது.

இரண்டாவது நோட்டு: எதை எழுதுவது

பிறந்ததிலிருந்து தொடங்காதீர்கள். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது வயது 84ஐத் தாண்டியிருந்தது. 1940இலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. 1942இல் அவர் மறைந்தபோது கதை முடியாமல் நின்றது. அவருக்கு அது பொருந்தும், ஒவ்வொரு அத்தியாயமும் தனியாகவே நிற்கும். முதல் முறை எழுதும் நாம் கொள்ளுத்தாத்தாவின் நிலபுலனில் தொடங்கினால், சொல்ல வந்த விஷயத்துக்கு வரும்முன் கை ஓய்ந்துவிடும். வாராவாரம் ஒரு பகுதி என்ற பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இழையைத் தேர்ந்தெடுங்கள். புற்றுநோயிலிருந்து தேறிய இரண்டு வருடம், குடியை விட்டது, பிள்ளையை இழந்த பிறகு வந்த முதல் தீபாவளி வரை, இடம்பெயர்ந்து வந்த முகாம் வாழ்க்கை, கைவிடப்பட்டு மூன்று பிள்ளைகளைக் கரைசேர்த்த காலம். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தின் கூட்டங்களில் குடியை விட்டவர்கள் தங்கள் கதையைச் சொல்லும் ஒழுங்கு எல்லா இழைக்கும் பொருந்தும்: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். மூன்றில் நடுப்பகுதியைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். படிக்கிறவர் தேடி வருவதோ அதைத்தான். எனவே மொத்தத்தில் பாதியையாவது நடுப்பகுதிக்குக் கொடுங்கள்.

அளவு 8,000 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 500 சொல் வீதம் 16 வாரம். கோடு போட்ட முழு அளவு நோட்டில் 500 சொல் என்பது நான்கைந்து பக்கம்தான் வரும்.

கிட்டே போய்க் காட்டுவது

முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: 'என் கணவரின் குடிப்பழக்கத்தால் சொல்லொணாத் துயரங்களை அனுபவித்தேன். கண்ணீரே வாழ்க்கையானது. அக்கம்பக்கத்தில் அவமானம். ஆனாலும் இறைவன் அருளால் மீண்டேன்.'

இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் யாருடைய வீடும் இல்லை. அதே விஷயத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'சனிக்கிழமை சம்பளம். எட்டு மணிக்கு மேல் தெருமுனையில் சைக்கிள் பெல் கேட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். பெல் இல்லாமல் செயின் உரசும் சத்தம் மட்டும் வந்தால் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பாயோடு இழுத்து மேரி அக்கா வீட்டுத் திண்ணையில் போடுவேன். சின்னவளுக்கு அது விளையாட்டு. ஒரு சனிக்கிழமை அவர் குடிக்காமல் வந்தார். அன்றைக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.'

துயரம், கண்ணீர், அவமானம் என்ற ஒரு சொல்லும் இல்லை. ஆனால் செயின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் இன்னொரு பெண் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவாள். 'நம்ம வீட்டில் மட்டும் இல்லையா இது' என்ற அந்த நொடியில்தான் தெம்பு தொடங்குகிறது, அறிவுரையில் இல்லை.

இதற்குப் பழகும் வழி எளிது. எழுதிய பக்கத்தில் 'கஷ்டம், வேதனை, துன்பம், கொடுமை, அவமானம்' வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஓரத்தில் எழுதுங்கள்: என்ன கிழமை, எத்தனை ரூபாய், யார் என்ன சொன்னார்கள், கையில் என்ன இருந்தது, என்ன வாசனை. பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஓரத்தில் இருப்பதை வைத்து எழுதுங்கள். எல்லா இடத்திலும் இப்படிச் செய்தால் படிப்பவர் களைத்துவிடுவார். பகுதிக்கு ஒன்றிரண்டு காட்சி போதும், மற்றதை ஒரு வரியில் தாண்டலாம்.

'இறைவன் அருளால் மீண்டேன்' என்பதையும் விட்டுவிட வேண்டியதில்லை. நம்பிக்கை உள்ளவர் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அருள் எந்த வழியாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: யார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார், எத்தனை நாள் தங்கினீர்கள், பணம் எங்கிருந்து புரண்டது, திரும்பிய பிறகு எத்தனை தடவை மறுபடி சறுக்கியது. சறுக்கியதை மறைத்துவிட்டால், வழியில் சறுக்கி விழுந்து கிடக்கும் வாசகர் 'நமக்கு இது ஆகாது' என்று புத்தகத்தை மூடிவிடுவார். சறுக்கல்தான் அவருக்கு மிகவும் உபயோகமான பக்கம்.

நாளும் தேதியும்

நினைவு வருடத்தைக் குழப்பும், நிகழ்ச்சியைக் குழப்புவது குறைவு. அதனால் ஊரறிந்த சம்பவங்களை முளையாக அடித்துக்கொள்ளுங்கள். அது நடந்தது தனுஷ்கோடி புயலுக்கு (1964 டிசம்பர்) முன்னா பின்னா? எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987 டிசம்பர் 24) எந்த வீட்டில் இருந்தீர்கள்? யாழ்ப்பாணத்தார் என்றால் நூலகம் எரிந்த 1981, ஊரே வெளிக்கிட்ட 1995 அக்டோபர் இடப்பெயர்வு. சென்னைக்காரருக்கு 2015 வெள்ளம். அதோடு கல்யாணப் பத்திரிகை, மாற்றுச் சான்றிதழ், அடகுச் சீட்டு, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய போட்டோவின் பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரை எல்லாம் உதவும். அடகுச் சீட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: தேதி, எடை, தொகை மூன்றும் அதில் இருக்கும். ஒரு பக்கக் கதை அந்த ஒரு துண்டில் கிடைக்கும்.

உரையாடலைச் சொல்லுக்குச் சொல் நினைவில்லை என்றால் கவலை வேண்டாம், அவர் பேசும் பாங்கில் எழுதலாம். நடக்காததைச் சேர்ப்பது வேறு விஷயம், அது கூடாது.

கதைக்குள் வரும் மற்றவர்கள்

உங்கள் கதை உங்களுடையது. அதில் வரும் தங்கையின் கதை தங்கையுடையதும்கூட.

பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. 'மூத்த மச்சினர், ஊரில் அரிசி ஆலை வைத்திருப்பவர்' என்றால் ஊருக்கே தெரியும். உறவுமுறை, தொழில், ஊர் மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள், மாற்றியிருப்பதை முன்பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மேலே வந்த மேரி அக்காவைப்போல நல்லது செய்தவரின் பெயரையும் கேட்டுவிட்டே போடுங்கள். உதவி செய்ததை யாருக்கும் தெரியாமல் செய்தவர்கள் உண்டு. பிள்ளைகள் சம்பந்தப்பட்டதை, அவர்கள் பதினெட்டு வயதில் தங்கள் நண்பர் முன்னால் படித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.

துறவு மடத்திலிருந்து வெளியே வந்த பின் எழுத்தாளர் பாமா எழுதிய தன்கதையான 'கருக்கு' 1992இல் வந்தது. எழுதியது தன் காயத்தை ஆற்றிக்கொள்வதற்கு. வெளிவந்ததும் சொந்த ஊரிலேயே எதிர்ப்பு கிளம்பி, சில மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. இன்றைக்கு அது கல்லூரிகளில் பாடம். எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது, ஆகவே என்ன வரும் என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கொலை வழக்கில் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயத்தைச் சொன்னது. வெளிவருமுன்பே அரசு தடுக்க முடியாது. அதேசமயம் ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கத்தை, பொது ஆவணத்தில் இருந்தாலொழிய, அவர் சம்மதமின்றி வெளியிடுவது தனிமை உரிமையை மீறுவதாகும். அவதூறு இப்போது இந்தியாவின் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. 'உண்மையைத்தானே எழுதினேன்' என்பது மட்டும் அதில் காப்பாற்றாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் காட்ட வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவர் குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு என்றால் அதற்குள் வரும். பாலியல் குற்றத்துக்கு ஆளான வேறொருவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடவே கூடாது. இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் சிவில் வழக்கு போடலாம். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் விவாகரத்து, ஜீவனாம்ச வழக்கு உள்ளவர்கள் வக்கீலிடம் காட்டாமல் ஒரு வரியும் வெளியிட வேண்டாம். எதிர்த்தரப்பு உங்கள் கதையையே சாட்சியமாக எடுத்து வரும்.

கை ஓடாதவர்களுக்கு

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவோ, கை நடுங்கும் தாத்தாவோ சொல்லலாம், இன்னொருவர் பதியலாம். ஒரு உட்காரலுக்கு இருபது நிமிடம் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தம் குரலைத் தின்றுவிடும். போனை மேசையில் வைக்காமல் மடித்த துண்டின்மேல் வையுங்கள். 'உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'கல்யாணமாகி வந்த அன்னைக்கு ராத்திரி என்ன சமையல்?' என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் வரும். பத்து நிமிடப் பதிவைக் கையால் தட்டச்சு செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரல்வழித் தட்டச்சில் வேலை குறையும், ஆனால் வட்டார வழக்கையும் ஊர்ப் பெயரையும் அது கண்டபடி மாற்றும், நிறுத்தக்குறியும் சரியாக விழாது. ஒருவர் சொல்லச் சொல்லப் பதிந்ததை அவருக்கே வாசித்துக் காட்டாமல் வெளியே விடாதீர்கள்.

வெளியே விடும்போது

முதலில் ஒரே ஒருவர் படிக்கட்டும். எழுத்தாளர் வேண்டாம், வீட்டார் வேண்டாம். அதே துன்பத்தைக் கடந்த ஒருவர் நல்லது. 'எப்படி இருக்கு' என்று கேட்காமல், எங்கே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது, எங்கே நம்ப முடியவில்லை, எங்கே இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது என்று கேளுங்கள்.

தற்கொலை முயற்சி கதையில் வந்தால் எப்படிச் செய்தீர்கள், எதை எடுத்தீர்கள், எங்கே என்பதை எழுதாதீர்கள். அந்த விவரம் அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு வழிகாட்டிவிடும். அதற்கு முந்தின வாரத்தையும், யார் கண்டுபிடித்தார், பிறகு எப்படி நாள் நகர்ந்தது என்பதையும் விரிவாக எழுதலாம். மருந்துப் பெயரும் அளவும்கூட வேண்டாம். உங்களுக்குக் கேட்டது இன்னொருவருக்கு ஆகாமல் போகும்.

அச்சுக்கு என்றால் டெமி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 200 சொல் பிடிக்கும். 8,000 சொல் 40 பக்கம். தலைப்புப் பக்கம், முன்குறிப்பு எல்லாம் சேர்த்து 48 பக்கமாக்கினால் 16 பக்கப் பாரம் (ஒரு பெரிய தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) மூன்று, தாள் வீணாகாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒரு தடவை முழுக்க மெய்ப்புப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். எடுத்ததும் 500 பிரதி போட்டுப் பரண்மேல் அடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் 20 பிரதி எடுத்துச் சுருள் பைண்டிங் போட்டு, நோயாளிகள் கூடும் இடத்திலோ மகளிர் குழுவிலோ கொடுத்துப் பாருங்கள்.

கொடுத்த பிறகு ஒன்று நடக்கும், அதற்குத் தயாராக இருங்கள். படித்தவர்கள் தங்கள் கதையை உங்களிடம் கொட்டுவார்கள். இரவு பதினொன்றுக்குப் போன் வரும். சொந்த எண்ணைப் புத்தகத்தில் போடாதீர்கள், ஒரு மின்னஞ்சல் போதும். கடைசிப் பக்கத்தில் மேலே சொன்ன உதவி எண்களையும், நீங்கள் உண்மையாகவே போய்ப் பயன்பெற்ற மருத்துவமனை அல்லது குழுவின் விவரத்தையும் அச்சிடுங்கள். வருகிறவரிடம் கேட்டுக்கொள்ளலாம், ஒரு பிரதி கொடுக்கலாம். அவர் கையில் ஒரு கம்பி நோட்டும் கொடுத்து, பதினைந்து நிமிட அலாரம் எப்படி வைப்பது என்று சொல்லி அனுப்பலாம்.